காரின் மேனியில் கீறலும் கைவைத்தியமும்

நம் இல்லங்களிலுள்ள பித்தளைக் குத்துவிளக்கைப் பாருங்கள். பாட்டி காலத்தில் வாங்கியது. பண்டிகைதோறும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்படுகிறது. துலக்கத் துலக்கப் பொன்னெனப் பொலிகிறது. தேய்த்தால் எதுவும் பளபளக்கும் என்னும் பாடத்தை நம்மவர் அவ்விளக்கிடமே கற்றனர் எனலாம். அந்தப் பாடத்தை வாசலில் நிற்கும் மோட்டார் காரிடம் கொண்டு செல்லும்போதுதான் தொல்லை விளைகிறது. விளக்கு மேலிருந்து அடிவரை பித்தளை. காரோ அத்தகையதன்று. அதன் ஒளியெல்லாம் மெல்லியதொரு தோலிலேயே குடியிருக்கிறது. அத்தோல் தேய்ந்து தீர்ந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் ஒளி திரும்புவதில்லை.

ஆகவே, காரின் மேனியில் விழுந்த சிறு கீறல்களை வீட்டிலேயே போக்குவது எப்படி என்று கேட்போருக்கு நாம் முதலிற் கூற வேண்டிய விடை இது: போக்கலாம், ஆயின் ஒவ்வொரு முறையும் அத்தோலில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டே போக்குகிறோம். எந்தக் கீறலுக்கு எவ்வளவு செலவிடலாம், எதனைத் தொடாமல் விடலாம் என்று அறிவதே இக்கலையின் சாரம்.

இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஊவா மலைநாட்டில் ஒரு வான் என்பது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பிழைப்பு. நள்ளிரவில் நோயாளியைப் பதுளைக்கோ தியத்தலாவைக்கோ கொண்டு சேர்க்கும் துணை. பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியான சொத்து. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த 5 ஆண்டுகளும், உள்ள வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நாடு முழுவதற்கும் உணர்த்தின. விற்க நேர்ந்தாலும், வாங்க வருபவர் முதலிற் செய்வது வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்து அதன் மேனியைப் பார்ப்பதே அல்லவா?

கீறல் எங்கிருந்து வருகிறது?

ஹல்துமுல்லையை அறிந்தவர்களுக்கு அதன் பாதையையும் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை, மலையின் தென்சரிவைப் பற்றிக்கொண்டு ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்திக்கு ஏறுகிறது. அங்கிருந்து ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலே செல்ல, பெருஞ்சாலை கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, இறுதியில் மட்டக்களப்பை அடைகிறது. ஒரு புறம் மலைச்சுவர், மறு புறம் பள்ளம். எதிரே பஸ் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் நாயுண்ணிச் செடியின் முள் கதவைத் தடவும்.

நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் நிலைமை வேறு. ஒரு வண்டிக்கே போதுமான பாதை; இரு பக்கமும் தேயிலைச் செடி. கவ்வாத்து நடந்த மலையென்றால், வெட்டிய கிளைகளின் நுனிகள் பாதைக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மிலாறுக் கட்டைத் தலையிற் சுமந்து வருபவர் கார் போக இடம் விட்டு ஒதுங்கி நிற்பார். ஆனால் அவர் தலையிலுள்ள கட்டின் நீளம் அவர் அறியாமலே கண்ணாடி முதல் பின்விளக்கு வரை ஒரு கோடு கிழித்துவிடும். இதில் எவர்மீதும் குற்றமில்லை. பாதை அகலம் அவ்வளவே.

ஆயினும் முள்ளும் மிலாறும் செய்வதைவிட அதிகமான கீறல்களைச் செய்வது ஒரு துணித்துண்டு என்றால் வாசகர்கள் வியப்புறலாம். ஜூன் முதல் செப்டெம்பர் வரையில் தென்மேல் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வரண்ட கச்சான் காற்றாக வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவது அக்காற்றே. பாதையின் புழுதியைக் கிளப்பிக் காரின் மேல் படியச் செய்வதும் அதுவே. நம் மலைகளின் பாறைகளில் படிகக்கல் மிகுதி. அவை தேய்ந்து உண்டான புழுதியிலும் படிகத்துகள் நிறைந்திருக்கும். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகக்கல்லுக்கு 7ஆம் இடம். சாதாரண இரும்பாணிகூட அதற்குத் தாழ்ந்ததே. காரின் பூச்சோ அதனினும் எத்தனையோ மடங்கு மென்மை. அத்துகள்கள் படிந்த காரை, காலையில் புறப்படும் அவசரத்தில் உலர்ந்த துணியால் ஒரு துடை துடைக்கிறோம். அத்துடைப்பு அரத்தாளால் தேய்த்ததற்கு ஒப்பாகும். ஒரு நாளிற் புலப்படாது. ஓராண்டிற் கண்ணைப் பறிக்கும்.

இந்தத் தாளினும் மெல்லியது

இக்காலக் கார் ஒன்றின் மேனியில் பல பூச்சுகள் அடுக்கடுக்காக உள்ளன. எல்லாவற்றுக்கும் கீழே உருக்குத் தகடு. அதன் மேல் துரு அணுகாமற் காக்கும் பூச்சும் அடிப்பூச்சும். அதன் மேல் நிறத்தைத் தரும் வர்ணப்பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத ஒரு தெளிபூச்சு. சாரதிகள் 'கிளியர்' என்று குறிப்பிடுவது இதனையே. 1980களில் இம்முறை பரவலாயிற்று. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு முழுவதும் இத்தெளிபூச்சினுடையது. வெயிலின் புறவூதாக் கதிர்கள் கீழேயுள்ள நிறத்தை வெளுக்கச் செய்யாமல் தாங்கிக்கொள்ளும் பொருள்களும் இதிலேயே கலந்துள்ளன.

இப்பூச்சுகள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன் கனமிருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிபூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரோன். பத்திரிகைத் தாள் ஒன்றின் கனமோ ஏறக்குறைய 65 மைக்ரோன். ஆக, தாங்கள் கையிற் பிடித்திருக்கும் இந்த ஒற்றைத் தாளைவிட மெல்லிய தோலின் மீதே நாம் பொலிஷ் போட முனைகிறோம். மென்மையான பொலிஷ் ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோனை எடுக்கும். கரடான கொம்பவுண்ட் அதனினும் பன்மடங்கு எடுக்கும். சில மைக்ரோன்களுக்கு மேல் இழந்த தெளிபூச்சு வெயிலைத் தாங்கும் வலிமையை இழந்து, ஓரிரு ஆண்டுகளில் வெளுத்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். மாதந்தோறும் 'கட் அண்ட் பொலிஷ்' செய்வித்துப் பெருமை கொண்ட வண்டிகளின் கூரை பிற்காலத்தில் தோலுரிந்து நிற்பதன் காரணம் இதுவே.

கீறல் கண்ணுக்கு ஏன் தெரிகிறது?

பாடசாலை மாணவர்களுக்கு இது சுவையான கேள்வி. தெளிபூச்சுக்கு நிறமில்லை. நிறமற்றதில் விழுந்த கீறலுக்கும் நிறமிருக்க நியாயமில்லை. பின் வெண்கோடாகத் தெரிவது எது?

சமமான பரப்பில் விழும் ஒளி கண்ணாடியிற்போல ஒரே திசையில் திரும்புகிறது. கீறல் என்பது ஒரு சிறு பள்ளம். அதன் சரிவுகளில் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. அச்சிதறலே வெண்மையாகத் தோன்றுகிறது. பள்ளத்தில் நீரை நிரப்பினால் சிதறல் பெரிதும் அடங்கும். காற்றின் ஒளிமுறிவுச் சுட்டி 1, நீரினது 1.33, தெளிபூச்சினது ஏறக்குறைய 1.5. நீர் பூச்சுக்கு அண்மையிலிருப்பதால், ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே பாதி மறந்துபோகிறது. மழையில் நனைந்த கார் புதிதுபோல் தோன்றுவதும், உலர்ந்ததும் பழைய முகம் திரும்புவதும் இதனாலேயே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரவில் தெருவிளக்கின் கீழ் கறுப்புக் கார் ஒன்றைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமான கோடுகள் தெரியும். "வட்டமாகத் துடைத்ததால் வந்த வினை" என்று பலர் கூறுவர். உண்மை அதுவன்று. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் உள்ளன. அவற்றுள் விளக்கொளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. விளக்கைச் சுற்றி அவ்வாறு அமைந்தவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டை மின்விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தால் இதனை எவரும் கண்டுகொள்ளலாம்.

நோய் எது, மருந்து எது?

வைத்தியர் நாடி பார்த்த பின்னரே மருந்து தருகிறார். இங்கும் அப்படியே. முதலில் வண்டியை நன்கு கழுவி உலர விடுக. பிறகு நிழலில் வைத்துக் கீறலை ஆராய்க.

சில கோடுகள் கீறலே அல்ல. படலைக் கதவில் உரசும்போது படலையின் வர்ணம் நம் கார்மேல் ஒட்டிக்கொள்வதுண்டு. கோட்டின் நிறம் அயல்நிறமாக, தடவினால் சற்றே மேடாக இருந்தால் அது ஒட்டிய வர்ணம். மெல்லிய பொலிஷ் தொட்ட துணியால் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

அடுத்தது நீர்ச் சோதனை. கீறலின்மேல் சிறிது நீரைத் தடவுக. கோடு மறைந்தால் அது தெளிபூச்சோடு நின்ற கீறல், கைவைத்தியத்துக்கு உரியது. நனைந்த பின்னும் கோடு மறையாமல், வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ நின்றால் வர்ணத்தையும் கடந்து அடிப்பூச்சைத் தொட்டுவிட்டது என்று கொள்க.

மூன்றாவது நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே விரல்நகத்தை மெல்ல இழுக்கவும். நகம் தடங்கலின்றிச் சென்றால் கீறல் மேலோட்டமானது. நகம் சிக்கினால் ஆழமானது. சிக்கும் கீறலைப் பொலிஷ் போட்டு முற்றாக நீக்க முயல்வது, கிணற்றின் ஆழத்தைக் குறைக்க ஊர்த்தரையையே வெட்டி இறக்குவது போலாகும்.

மெருகு என்பது யாது?

முள்ளை முள்ளால் எடுப்பது நம் பழமொழி. கீறலைக் கீறலால் எடுப்பது மெருகிடும் தொழில். பொலிஷில் உள்ளவை மிக நுண்ணிய அலுமினியம் ஒக்சைட்டுப் போன்ற கடினத் துகள்கள். அவை பூச்சின் மேற்பரப்பைத் தாமும் கீறுகின்றன. ஆனால் அக்கீறல்கள் கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறியவை. பெரிய பள்ளத்தின் இரு கரைகளும் தேய்ந்து தாழ்ந்து, பள்ளம் ஆழமிழந்து மறைகிறது. ஐசாக் நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே இவ்வுண்மையை விளக்கியிருக்கிறார். கண்ணாடியை மெருகிடும் தூள் அதனைக் கீறிக் கீறியே தேய்க்கிறது என்பதும், தூள் நுண்மையாக ஆக ஆகக் கீறல்களும் நுண்மையாகி இறுதியிற் கண்ணுக்கு மறைகின்றன என்பதும் அவர் கருத்து.

இதே நெடுஞ்சாலையில் கீழே இறங்கிச் சென்றால் இரத்தினபுரி. வில்லால் இழுத்துச் சுழற்றும் சக்கரத்திலும், பிற்காலத்து மின்சாரச் சக்கரத்திலும் நீலக்கல்லைப் பட்டை தீட்டும் தொழிலாளர் பின்பற்றுவதும் இம்முறையே. முதலிற் கரடான தூள். பின்னர் நுண்ணிய தூள். முடிவில் அதனினும் நுண்ணியது. எந்த நிலையையும் தாண்டிக் குதிப்பதில்லை. ஆனால் அவர்களிடம் கல் முழுவதும் கல். நம்மிடம் இருப்பதோ ஒரு தாளின் கனமுமில்லை. ஆகவே நாம் அவர்களுக்கு நேர்மாறாக நுண்ணியதிலிருந்து தொடங்க வேண்டும். நுண்ணிய பொலிஷே போதுமானதாயிருந்தால் அதற்கு மேற்பட்டதைத் தேட வேண்டியதில்லை.

செய்முறை

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. இரண்டு வாளி, கார் கழுவும் சவர்க்காரக் குழம்பு, மென்மையான மைக்ரோஃபைபர் துணிகள் நான்கைந்து, சிறிய பஞ்சுத்திண்டு ஒன்று, நுண்ணிய பொலிஷ் ஒரு போத்தல், மெழுகு ஒரு டப்பா. கச்சான் காலமானால் காற்று எழுமுன் அதிகாலையிற் செய்க, அல்லது கூரையும் மறைப்பும் உள்ள கொட்டகையிற் செய்க. ஈரத்தில் ஒட்டும் புழுதியே நம் பகைவன். வெயில் பட்டுச் சுட்ட தகட்டிலும் வேலை தொடங்கலாகாது. பொலிஷ் உடனே காய்ந்து கறையாகும்.

ஒரு வாளியிற் சவர்க்கார நீர், மற்றதில் வெறும் நீர். முதலில் நீரை ஊற்றி மணலை ஓடவிட்டு, பின்பே துணி தொடுக. மேலிருந்து கீழாகக் கழுவுக. சக்கரத்தருகே மணல் மிகுதியாதலால் அப்பகுதி கடைசி. ஒவ்வொரு முறையும் துணியை வெறும் நீரில் அலசிய பின்னரே சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பயன்படாது. பீலியடியிலும், கீழேயுள்ள லயத்தார் குடிநீர் எடுக்கும் ஓடையிலும் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த நீர் அயலவர் குடத்தில் சேருவது நமக்குப் பெருமையாகாது.

வண்டி உலர்ந்ததும், எளிதிற் கண்ணிற்படாத ஓரிடத்தில் முதலிற் சோதித்துப் பார்க்க. அங்கே நலமென்றால் கீறலிடத்துக்கு வருக. ஓர் அடிக்கு ஓர் அடி அளவான இடத்தையே ஒரு முறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பஞ்சுத்திண்டில் நிலக்கடலை அளவில் இரண்டு மூன்று பொட்டுப் பொலிஷ் போதும். முதலில் நெடுக்காகவும், பின்பு குறுக்காகவும், முந்திய தடத்தைப் பாதி மறைத்துச் செல்லுமாறு தேய்க்க. விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கை பரவ அழுத்துக. விரல் நுனி அழுத்தினால் அந்த இடத்திற் குழி விழும். ஒன்றரை அல்லது இரண்டு நிமிடத்தில் பொலிஷ் மெல்லிய படலமாகும். தூய துணியால் ஒற்றித் துடைத்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கவும். குறை இருந்தால் இன்னொரு முறை. மீண்டும் குறை இருந்தால் மூன்றாம் முறை. அதற்குமேல் வேண்டாம். எஞ்சி நிற்கும் கோடு அங்கேயே இருக்கட்டும். கரை மழுங்கிய கீறல் அரைவாசி மறைந்ததற்குச் சமம். அதன் எச்சத்துக்காகத் தெளிபூச்சை இழப்பது, எலிக்காக வீட்டைக் கொளுத்துவதாகும்.

பொலிஷில் எண்ணெய்ப் பொருளும் கலந்திருக்கும். அது கீறலை நிரப்பி, போய்விட்டது என்று நம்மை ஏமாற்றுவதுண்டு. ஆகையால் அவ்விடத்தைச் சவர்க்கார நீரால் ஒரு முறை கழுவி உலர்த்திய பின்னர்ப் பார்ப்பதே உண்மையான பரீட்சை.

கதவின் விளிம்பு, தகடு மடிந்து ஓடும் வரை, கைபிடியின் சுற்றுப்புறம் ஆகியவற்றிற் பூச்சு மெல்லியது; தேய்க்கும்போது அழுத்தமும் அங்கேதான் மிகும். அவ்விடங்களை விலக்கிச் செல்லுக. பம்பர் இக்காலத்தில் பிளாஸ்டிக்கால் ஆனது. தேய்க்கும் வெப்பம் அதில் எளிதிற் கலையாது. இலேசான கையே அங்கு வேண்டும். மின்சாரப் பொலிஷ் இயந்திரம் பழகாத கையில் நொடிப்பொழுதிற் பூச்சை எரித்துவிடும். முதன்முறை செய்பவருக்குக் கையே சிறந்த இயந்திரம்.

இறுதியில் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை இனமொன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பேர்பெற்றது. மெழுகு கீறலைப் போக்காது. நீரை ஒட்டவிடாது, புழுதித்துகளை வழுக்கிவிடும். சில வாரங்களில் தேய்ந்துவிடுமாதலால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். தெளிபூச்சுக்குப் பதிலாக மெழுகு தேய்வது நமக்கு இலாபமே.

செய்யத் தகாதவை

பற்பசை தடவினாற் கீறல் போகும் என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் யோசனை. பற்பசையிலும் நுண்துகள் உண்டு. மிக இலேசான கீறலை அது ஓரளவு மங்கச் செய்யும். ஆனால் துகளின் பருமன் பற்பசைக்குப் பற்பசை வேறுபடும். பல்லுக்கு அளந்ததைப் பூச்சுக்கு அளந்ததாகக் கொள்ள முடியாது.

மண்ணெண்ணெய் துடைத்தால் வண்டி மின்னும் என்பது இன்னொன்று. மின்னுவது உண்மை. எண்ணெய் கீறலை நிரப்புகிறது, முன் கூறிய நீரைப்போல. ஆயினும் அது விட்டுச் செல்லும் பிசுக்கில் மறுநாட் புழுதி ஒட்டும். அதனைத் துடைக்கப் புதிய கீறல் விழும். தேங்காய் எண்ணெயும் இவ்வகையே. பித்தளைக்கு உரிய பிராசோ போன்ற உலோக மெருகுகளை உலோகத்தோடு நிறுத்திக்கொள்வது நன்று. சட்டி தேய்க்கும் பச்சை நாரையும், சாம்பலையும், செங்கற்றூளையும் காரின் அருகே கொண்டுவரவே வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவ வரும் சிறுவர்களுக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரியோர் கடமை.

ஆழமான கீறலுக்கு

நகம் சிக்கி, உருக்கே தெரியும் கீறலுக்கு அழகைவிட ஆரோக்கியமே முதற் கவலை. ஊவாவின் தென்சரிவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். இரும்பு, நீர், காற்று மூன்றும் கூடினால் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் அருகிலுள்ள நல்ல பூச்சையும் நெம்பித் தூக்கி, அதன் அடியில் ஊர்ந்து செல்லும். தலைமயிர் அளவான கோடு சில மழைக்காலங்களில் உள்ளங்கை அளவான கொப்புளமாவது இவ்வாறே.

இதற்குப் பொலிஷ் மருந்தன்று. தொட்டு நிரப்புவதே மருந்து. வண்டியின் கதவுத் தூணிலோ முன்மூடியின் உள்ளேயோ உள்ள விவரத்தகட்டில் வர்ணத்தின் குறியீடு இருக்கும். வர்ணம் கலந்து தரும் கடையில் அதனைக் காட்டினால் அதே நிறத்தைச் சிறிய போத்தலிற் பெறலாம். துரு இருந்தால் அதனைச் சுரண்டி நீக்கி, கீறலைத் துப்புரவாக்கி, நன்கு உலர்த்துக. பின்பு பற்குச்சியின் நுனியால் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் வர்ணம். அதுவும் காய்ந்ததும் தெளிபூச்சு. ஒரே முறையில் நிரப்பாமல், மெல்லிய படைகளாக, இடையிடையே உலரவிட்டு நிரப்ப வேண்டும். அருகிற் சென்று பார்த்தால் அடையாளம் தெரியத்தான் செய்யும். ஆயினும் துருவின் வாயில் அடைபட்டது. கதவு முழுவதும் கோடோடியிருந்தால் நல்ல கராஜை நாடுவதே சிக்கனம்.

பழைய கார்கள்

மலைநாட்டில் இன்னும் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் வைத்திருப்போர் உளர். 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, உள்ளதைப் பேணக் கற்ற தலைமுறையின் கைவண்ணம் அவை. இவ்வண்டிகளில் முதலிற் பூசிய வர்ணத்துக்கு மேல் தெளிபூச்சு இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் உள்ளன. மெருகிடும்போது துணியில் வண்டியின் நிறம் ஏறும். அதுகண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெயிலில் மாண்டுபோன மேற்படலமே அவ்வாறு வருகிறது. அதன் கீழ் உயிருள்ள நிறம் இருக்கும். ஆனால் தெளிபூச்சுள்ள புதிய காரைத் தேய்க்கும்போது துணியில் நிறம் ஏறினால், அந்நொடியே நிறுத்துக. தெளிபூச்சு அங்கே தீர்ந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

பழைய காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே அத்தகைய வண்டியை உலர்ந்த அரத்தாளாலே தேய்த்துத் தூசி எழுப்பலாகாது. ஈரமாகவே வேலை செய்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும். இடையில் மறுபூச்சுப் பெற்ற வண்டிகளில் எந்தக் கதவில் எத்தனை படை உள்ளதென்று கண்ணாற் கூற முடியாது. அவற்றில் மிக நுண்ணிய பொலிஷைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அண்மையிற் பூசியதாயின், பூசியவர் கூறும் நாள் கழியும் வரை மெழுகும் பொறுத்திருக்கட்டும்.

வருமுன் காத்தல்

மேற்கூறிய யாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அது செலவில்லாதது. உலர்ந்த துணியைக் காரின்மீது வைக்காமலிருப்பதே அது. புழுதி படிந்திருந்தால் நீர் கிடைக்கும்வரை படிந்தபடியே இருக்கட்டும். படிந்திருக்கும் புழுதி கீறுவதில்லை. இழுக்கப்படும் புழுதியே கீறுகிறது. மறைப்புத்துணி போடுவோரும் காரைக் கழுவிய பின்னரே போட வேண்டும். இல்லையேல் காற்றில் அத்துணி அசையும்தோறும் அரத்தாள் வேலை செய்யும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் மேலே வைத்து ஊறவிட்டு எடுக்கவும். தோட்டப் பாதையில் மிலாறுக் கட்டோடு வருபவரைக் கண்டால், நாமே வண்டியை நிறுத்தி அவரைப் போகவிடுவோம். சுமையோடு நிற்பவர் அவர், அமர்ந்திருப்பவர் நாம். மரியாதையும் அதுவே; கதவுக்கு நல்லதும் அதுவே.

எஞ்சிய ஒரு சில கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அவை இயல்பு. விழுந்த கீறலை எல்லாம் விரட்டுபவரைவிட, நீர் பட்டால் மறைவது எது, நகம் சிக்குவது எது என்று பிரித்தறிந்து, முன்னதை மென்மையாகத் தீர்த்து, பின்னதை மழைக்கு முன் அடைத்து வைப்பவரின் வண்டியே நெடுநாள் நிலைக்கும். அடுத்த ஞாயிறு காலை, காற்று எழுமுன், ஒரு கோப்பை நீரும் ஒரு விரல்நகமும் கொண்டு தங்கள் வண்டியை ஒரு முறை வலம் வந்து பாருங்கள். பொலிஷ் வாங்கவேண்டிய தேவை உண்டா இல்லையா என்பது அப்போதே விளங்கிவிடும்.